வெட்டாமல் சொன்னவர்

“சிஸ்டர், எனக்கு வயசு இருபத்தெட்டு. சவுதி வந்து எட்டு மாசம் ஆகுது. மூணு நாளா வயித்துப்போக்கு. இன்னிக்குக் காலையில மட்டும் அஞ்சு தடவை போனேன்.”

சொன்னவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. காதோரமெல்லாம் நரை. கையில் பஸ் சாவி. நான் அவர் முகத்தையும் அவர் நீட்டிய இன்சூரன்ஸ் அட்டையில் இருந்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

“உங்களுக்கா?” என்றேன்.

“எனக்கில்லீங்க சிஸ்டர், இவருக்கு” என்று பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நேபாளியைக் காட்டினார். அந்த ஆள் தன் மொழியில் இன்னும் ஏதோ முனகினான். அதைத் தலையசைத்து முழுக்கக் கேட்டுவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினார். “நாலு நாளைக்கு முன்னாடி ராத்திரி கேம்ப்ல குடுத்த பருப்பு புளிச்ச வாடை அடிச்சுச்சு. பசி தாங்காம நான்தான் சாப்பிட்டுட்டேன்.”

தம்மாமுக்கு வெளியே, தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தேன். டாக்டரைப் பார்க்கும் முன் நோயாளிகளிடம் என்ன ஏது என்று கேட்டு ஃபைலில் எழுதி வைப்பது என் வேலை. எனக்குத் தமிழும் ஆங்கிலமும் வரும். இந்தி அரைகுறை, அரபி கேட்டால் புரியும். டாக்டர் சூடான்காரர். வருகிற கூட்டமோ நேபாளம், வங்காளம், பீகார், ஆந்திரா, பாகிஸ்தான் என்று ஒவ்வொரு தொழிலாளர் கேம்பிலிருந்தும் ஒவ்வொரு மொழி. பஸ் சாவியோடு வந்த இவர் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப் பஸ்ஸை ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் உடம்பு சரியில்லாதவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். மற்ற கம்பெனி டிரைவர்கள் ஆட்களை இறக்கிவிட்டு நிழலில் வண்டியை நிறுத்தித் தூங்குவார்கள். இவர் ஒவ்வொருவரோடும் என் மேஜைக்கு வருவார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

யாருக்காகப் பேசினாலும் “நான்” என்றுதான் பேசுவார். எனக்குத் தலை சுற்றுகிறது, எனக்கு மூலம், என் கண்ணில் சிமென்ட் விழுந்தது. ஒரு காலைப்பொழுதுக்குள் அவருக்குப் பத்து வியாதி வந்து போகும். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

“அவன் சொன்னான், இவன் சொன்னான்னு ஆரம்பிச்சா என் வாய்க்கு வர்றப்பவே பாதி கொறைஞ்சிடுது சிஸ்டர். நான்னு சொன்னா வெட்ட மனசு வராது.”

வெட்டக் கூடாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஒருவன் தலைவலி என்று வந்துவிட்டு, அம்மா இறந்ததையும் லீவு கிடைக்காததையும் சேர்த்துச் சொன்னால் அதையும் சொல்வார். “தலைவலின்னு மட்டும் சொல்லுங்க அண்ணே, பின்னாடி இருபது பேர் நிக்கிறாங்க” என்பேன். “அவரு சொன்னது இவ்வளவும்தான் சிஸ்டர்” என்று நிற்பார். கோபப்பட மாட்டார். முடிக்கவும் மாட்டார். டாக்டர் அவருக்கு ‘ஹிகாயா’ என்று பெயர் வைத்திருந்தார். அரபியில் கதை என்று அர்த்தம். “வந்துவிட்டாரா ஹிகாயா? யல்லா, யல்லா, சீக்கிரம்” என்பார். அதில் கேலி பாதி, சலிப்பு பாதி.

சலிப்புக்குக் காரணம் இருந்தது. காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை, மறுபடி மாலை நான்கு முதல் எட்டு வரை எங்களுக்கு டூட்டி. நடுவில் வீட்டுக்கு ஓடிச் சமைத்து, பள்ளியிலிருந்து வரும் மகளுக்குச் சோறு போட்டு, திரும்ப ஓடி வர வேண்டும். காலையில் வரும் எண்பது பேரில் முப்பது பேருக்கு முதுகு வலியாக இருக்கும். கம்பி தூக்குகிறவன், கல் தூக்குகிறவன், நாள் முழுக்கக் குனிந்து டைல்ஸ் ஒட்டுகிறவன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வைத் தவிர வேறு மருந்து தேவையில்லை. அந்த ஓய்வைத்தான் எங்களால் கொடுக்க முடியாது. ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை, இரண்டு நாள் லீவுக்குச் சீட்டு. சீட்டு அதிகமானால் கம்பெனியிலிருந்து போன் வரும். போகப் போக, முதுகு வலி என்று சொன்னதுமே என் காது மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. என் முதுகும்தான் வலித்தது. நான் யாரிடம் சொன்னேன்?

தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து முதன்முதலாக வந்தபோது அவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாதாம். ஆறு மாதம் சம்பளப் பிரச்சினை. ஒரு நாள் விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன குறை என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்த்துச் சொல்லவும் ஒரு ஆள் இருந்தான்.

“நான் பத்து நிமிஷம் பேசினேன் சிஸ்டர். ஊர்ல என்ன கஷ்டம், இங்க என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொன்னேன். அந்தாளு கஃபீல் பக்கம் திரும்பி ரெண்டே ரெண்டு வார்த்தை சொன்னான். கஃபீல் தலையாட்டிட்டு எழுந்து போயிட்டாரு. அந்த ரெண்டு வார்த்தை என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசி ஐந்து மொழி கற்றுக்கொண்டாராம். அவருக்குக் குழந்தைகள் எத்தனை, மனைவி இருக்கிறாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. சில வருடங்களில் அந்தக் கேம்ப் கலைந்தது, அவர் ஊருக்குப் போய்விட்டார். நானும் குடும்பத்தோடு துபாய்க்கு வந்து, இப்போது பர் துபாயில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். அவருடைய போன் நம்பர் ஒன்று என்னிடம் உண்டு. அது சவுதி நம்பர். இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அவர் வெட்டாமல் சொன்னதால் ஒரு ஆள் பிழைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கேம்புக்குப் பின்னால் மணல்வெளியில் ஒரு ஒட்டகப் பண்ணை. அங்கே வேலை பார்த்த வங்காளியை ஒரு நாள் தன் ஆட்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கம்பெனி ஆள் இல்லை, அட்டையும் இல்லை. “ஃபீஸ் நான் கட்டிட்டேன் சிஸ்டர், பாருங்க” என்றார். அந்த நாட்களில் மொழிபெயர்க்கிறவர்கள் டாக்டர் அறைக்குள்ளும் போகலாம். அந்த வங்காளி முதுகைப் பிடித்தபடி, நிமிர முடியாமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இவர் பக்கத்தில் நின்று தனக்குத் தெரிந்த அரபியில் தொடங்கினார். ஒரு மாதமாக எனக்கு முதுகு வலி. சாய்ந்து படுத்தாலும் குறையவில்லை. பொழுது சாயும்போது குளிர் எடுக்கிறது. விடிவதற்குள் சட்டை நனைந்து பிழியலாம் போல வியர்க்கிறது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போட்டிருக்கிறேன்.

டாக்டர் ஏற்கெனவே மருந்துச் சீட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். இவர் நிறுத்தவில்லை. சாப்பாடு ஒரு வேளைதான் வரும். மற்ற வேளைக்கு ஒட்டகப் பால். கறந்த சூட்டோடு அப்படியே குடிப்பேன்.

“ஹலீப்?” டாக்டர் பேனாவை வைத்தார். “காய்ச்சாத பாலா?”

“காய்ச்ச அடுப்பு ஏது டாக்டர்?” என்றார் இவர். அது அந்த ஆள் சொன்னதா இவரே சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் எடுத்தோம். டாக்டர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. காய்ச்சாத பாலில் இருந்து வரும் கிருமி முதுகெலும்புக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டை அரித்துக்கொண்டிருந்தது. வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் நரம்பு வரைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சில வாரம் ஊசி, மூன்று மாதத்துக்கு மேல் மாத்திரை. ரமலானுக்கு முன்பு அந்த வங்காளி நிமிர்ந்து நடந்து வந்து டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் பாலை விட்டுருப்பேன் அண்ணே” என்று அன்று அவரிடம் சொன்னேன். “முதுகு வலிக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுருப்பேன்.”

“எனக்கும் சம்பந்தம் தெரியாது சிஸ்டர்” என்றார். “தெரியாததாலதான் விடலை.”

இதைப் பார்த்த பிறகும் கேசவ் என்று ஒருவன் வந்தபோது நான் வெட்டினேன். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ரமலான் தொடங்கியிருந்தது. டூட்டி நேரத்தைக் குறைத்திருந்தார்கள். கூட்டம் குறையவில்லை. கூட வருகிறவர்கள் டாக்டர் அறைக்குள் போகக் கூடாது என்று நிர்வாகத்திலிருந்து புதிதாக உத்தரவு வந்திருந்தது. நோயாளி என் மேஜையில் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும், நானே உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். அன்று காலை என் மகளுக்குக் காய்ச்சல். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கேசவ் முப்பது வயது நேபாளி. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன். கால்களை அகட்டி வைத்து, தரை வழுக்குவது போல நடந்து வந்தான். இவர் அவன் சொல்வதைக் குனிந்து கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“சிஸ்டர், ரெண்டு வாரமா முதுகு வலி. மொதல்ல வலது காலுக்கு மட்டும் இழுத்துச்சு. இப்ப ரெண்டு காலுக்கும் இழுக்குது. நேத்துலேர்ந்து உட்கார்ற எடம் மரத்துப்போச்சு. சீட்ல உட்கார்ந்தா பஞ்சு மூட்டை மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு. வெளிக்குப் போயிட்டுக் கழுவுறப்ப கை படுறது தெரியலை. ஒண்ணுக்கு முட்டுறதும் தெரியலை, போய் நின்னா சொட்டுச் சொட்டாத்தான் வருது. நேத்து மத்தியானத்துலேர்ந்து இப்படித்தான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆம்பளை உறுப்பும் மரத்துப்போச்சு.”

என் காது சூடானது. வரிசையில் பின்னால் நின்ற இரண்டு தமிழர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். “சரி சரி, போதும் அண்ணே” என்றேன். ஃபைலில் ‘முதுகு வலி, இரண்டு காலுக்கும் பரவுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். உள்ளே போய் டாக்டரிடமும் அதையே சொன்னேன். நோன்பில் வாடியிருந்த டாக்டர், “எங்கே வலி?” என்று இந்தியில் கேட்டார். கேசவ் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். எனக்குத் தெரிந்த இந்தியில் நானும் வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஊசி, மாத்திரை, இரண்டு நாள் ஓய்வு.

வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணுக்கு வராததை டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா சிஸ்டர்?”

“சொல்லிட்டேன். ஊசி போட்டிருக்கு, சரியாயிடும்.”

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கேசவின் தோளைப் பிடித்து பஸ்ஸுக்கு நடத்திக்கொண்டு போனார்.

இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால் போல நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. சிறுநீர், மலம், உட்காரும் இடத்தின் உணர்ச்சி எல்லாம் அந்தக் கொத்தில்தான். பிதுங்கிய தட்டு அதை நசுக்கினால், நாள் பார்க்கக் கூடாது, மணி பார்க்க வேண்டும். நர்சிங் பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி மார்க் வாங்கியவள் நான். படித்தது மறக்கவில்லை. அன்று அதை நினைக்கிற சக்தி இல்லை. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

இரண்டு நாள் கழித்து, அவர்கள் கேம்பின் முறை இல்லாத நாளில், பஸ் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. இவர் வரிசையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், எனக்கு ஒண்ணுக்குச் சுத்தமா வரலை. தன்னாலே கசியுது, கசியுறதும் தெரியலை. வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

கேசவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அடிவயிறு தொப்புள் வரை உப்பியிருந்தது. டாக்டர் பார்த்ததும் சிறுநீர் எடுக்க டியூப் போடச் சொன்னார். பை பாதிக்கு மேல் நிறைந்தது. ஒன்றேகால் லிட்டர். அவ்வளவு நிறைந்திருந்தும் அவனுக்கு முட்டவே இல்லை. டாக்டர் பஞ்சாலும் ஊசி முனையாலும் உட்காரும் இடத்தைச் சுற்றித் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கேசவ் ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையசைத்தான்.

“எப்போதிலிருந்து சிறுநீர் வரவில்லை?” என்று டாக்டர் கேட்டார். அன்று உத்தரவையெல்லாம் யாரும் நினைக்கவில்லை. இவர் உள்ளேதான் நின்றார்.

“மூணு நாள் டாக்டர். முந்தாநாள் வந்தப்பவே இருந்துச்சு.”

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். என் ஒற்றை வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை எடுத்து ஆம்புலன்ஸ் கேட்டார். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, நோயின் பெயரைச் சொல்லி, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், உடனே ஆபரேஷன் வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. கேசவுக்குக் காலில் பலம் திரும்பிவிட்டது. சிறுநீர்ப்பை சரியாகவில்லை. வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருடம் ஆனால்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அவர் என் மேஜைக்கு முன் வந்து நின்றபோது நான் ஃபைல்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். அவர் எப்போதும்போலவே பேசினார். எனக்குக் காது வலி, எனக்குச் சேற்றுப்புண். ஒரே ஒரு மாற்றம். நான் எழுதி முடித்ததும், “காட்டுங்க சிஸ்டர்” என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஃபைலைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து எத்தனை வரி என்று பார்த்தார்.

“இந்தாளு ஆறு விஷயம் சொன்னாரு. இதுல ரெண்டு வரிதான் இருக்கு.”

“அடக்கி எழுதியிருக்கேன் அண்ணே.”

“அடங்குமா?”

அன்று முழுக்க ஒவ்வொரு ஃபைலுக்கும் அப்படி நின்றார். மற்ற கம்பெனி ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையாகவும் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு, அவர் தன் ஆட்களை எண்ணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் வாசலுக்குப் போனேன்.

“அண்ணே, அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட சொல்லலை. சொல்லிட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

“தெரியும் சிஸ்டர்.”

“எப்படி?”

“எப்பலேர்ந்து வரலைன்னு டாக்டர் புதுசா கேட்டாரே. மொத நாளே தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கப்போறாரு?” பஸ் கதவில் கையை வைத்துக்கொண்டார். “ரெண்டு நாளும் கேம்ப்ல அவன் எங்கிட்ட வந்து சொன்னான். நான்தான், சிஸ்டர் சொல்லிட்டாங்க, டாக்டர் பார்த்துட்டாரு, பொறுத்துக்கன்னு படுக்க வெச்சேன்.”

என் பொய்யை அவர் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். ஒரு வார்த்தையும் விடாமல். அதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

“கேசவுக்குத் தெரியுமா?”

“அவன் கேக்கலை. கேட்டா சொல்லிருவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்களே சொல்றதுன்னா நான் கூட வர்றேன். உங்களுக்கு நேபாளி வராதே.”

முதலில் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதுகு வலி என்று வருகிற எவனிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது” என்றார். நடந்ததை அவரே ஃபைலில் எழுதினார், தன் பெயரையும் சேர்த்து. நிர்வாகம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. நோயாளியிடம் போய் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னது. அந்த வாரத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் மறுபடி டாக்டர் அறைக்குள் போனார்கள். முதுகு வலி என்று யார் வந்தாலும் டாக்டர் கேட்டார்: உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, சிறுநீர் வருகிறதா, கால் தளர்கிறதா, காய்ச்சல் உண்டா, மெலிந்திருக்கிறாயா, விழுந்தாயா, முன்பு கட்டி எதற்காவது வைத்தியம் நடந்ததா. இவர் அதை மனப்பாடம் செய்துகொண்டார். பஸ்ஸிலேயே கேட்டுவிட்டுத்தான் இறக்குவார். வரிசை இன்னும் மெதுவாக நகர்ந்தது. நாங்கள் இன்னும் களைத்துப் போனோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், என் கணவர் என்னை அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். இவர் சலவை செய்த சட்டையோடு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு காத்திருந்தார்.

கேசவ் கட்டிலில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். நான் உட்காரவில்லை. தமிழில் சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். இவ்வளவு தூரம் போயிருக்காது.

இவர் அதை நேபாளியில் சொன்னார். எப்போதும்போல ‘நான்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் கேசவ் என்னைப் பார்க்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கண் கலங்கியிருந்தது. யார் யாரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று அந்த வார்டில் பார்த்த யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கேசவ் போர்வையின் ஓரத்தைத் தடவினான். பிறகு பேசினான். இவர் என் பக்கம் திரும்பினார்.

“ரூம்ல யார்கிட்டேயும் நான் சொல்லலை. சிரிப்பாங்கன்னு பயம். பஸ்ஸுல வர்றப்ப இவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். எனக்கே வெக்கமா இருந்துச்சு, உங்களுக்கு இருந்திருக்காதா?” அடுத்ததையும் அவர் விடவில்லை. “ஆனா கோபம் இருக்கு. அது போகுமான்னு தெரியலை.”

“சரி” என்றேன்.

“அடுத்த வாரம் என்னை ஊருக்கு அனுப்பறாங்க. டியூப் போட்டுக்க இங்க கத்துக் குடுத்தாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு. எங்க ஊருக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி கிடையாது. வீட்டுல பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லலை. முதுகுல ஆபரேஷன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவன் வீட்டுக்கு போன் போட்டு இவரிடம் நீட்டினான். இவர் வாங்கவில்லை. “அந்தப் பகுதியை நீதான் சொல்லணும்” என்று அவனிடம் சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார். கேசவ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. ஒரு கட்டத்தில் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் போர்வை மேல் வைத்தான். ஒரு பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது.

“சிஸ்டர், டியூப் விஷயத்தை நீங்க சொல்லுங்க” என்றார் இவர். “நான் சொல்றேன் அவங்களுக்கு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றுதான் முதல்முறையாக அவரும் என் முன்னால் உட்கார்ந்தார்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் ஆறு மணி நேரம் என்றேன். அவருக்கு முட்டுவது தெரியாது, அதனால் கடிகாரம் பார்த்துத்தான் போட வேண்டும். முதலில் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவ வேண்டும். டியூப்பில் ஜெல் தடவ வேண்டும். மெதுவாக, தடுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, அழுத்தாமல். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கும்வரை எடுக்கக் கூடாது. குளிர் காய்ச்சல் வந்தாலோ ரத்தம் வந்தாலோ, எவ்வளவு தூரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்காரும் இடத்தில் சூடு தெரியாது, அடுப்பை ஒட்டி உட்கார விடாதீர்கள், தினமும் ஒரு தடவை புண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் ஒவ்வொன்றையும் கேசவின் போனுக்குள் சொன்னார். ஒரு இடத்தில் ‘ஜெல்’ என்பதற்கு நேபாளியில் வார்த்தை தெரியாமல், அது எப்படி இருக்கும், விரலில் பட்டால் எப்படி வழுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி சொல்லாமல் போய்விட்டாள்.

“அவ்வளவுதான்” என்றேன்.

போனில் அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினாள். குரல் அடைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. இவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நோட்டு எடுத்துட்டு வந்துட்டாங்களாம் சிஸ்டர். எழுதிக்கிறாங்களாம். மறுபடி மொதல்லேர்ந்து சொல்லச் சொல்றாங்க.”

நான் தண்ணீர் குடித்துவிட்டு, கையைக் கழுவுவதிலிருந்து ஆரம்பித்தேன்.